இல்லமும் இளஞ்சிறார் கல்வியும்

சென்னை மாநகரின் தென்பால், அடையாற்றின் வடகரையை அடுத்து விளங்குவது இராஜா அண்ணாமலைபுரம். 1929-ஆம் ஆண்டில் சிதம்பரத்திலே பல்கலைக்கழகம் நிறுவிய வள்ளல் இராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரை இப்பகுதி தாங்கி நிற்கின்றது. கல்விக்கொடையாற் புகழ்பெற்றார் ஒருவர் பெயர் பூண்ட இவ்விடத்தே, மாலை விளக்கேற்றும் வேளையில் உலவி வருவார்க்கு இருவேறு காட்சிகள் தோன்றும். பெருந்தெருக்களில், பள்ளியினின்று மீண்ட களைப்பு நீங்குமுன்னரே டியூஷனுக்குச் செல்லும் சிறார் பை சுமந்து நடப்பர். அவற்றை அடுத்த குறுந்தெருக்களில், ஓரறை வீடுகளின் வாயிற்படியிலே, புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, படித்ததைக் கேட்பார் ஒருவரும் இன்மையால் வாளா இருக்கும் சிறார் காணப்படுவர். முன்னவர்க்குக் கற்பிப்பார் பலர். பின்னவர்க்கு ஒருவரும் இலர். ஆயினும், தாம் கற்றதை அமைந்திருந்து கேட்பார் இல்லாமை இவ்விருவர்க்கும் பொதுவான குறை என்றே யாம் கருதுகின்றோம். இதனை ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வினா எழுந்த வரலாறு

சென்ற ஆண்டில் யாமும் எம் வகுப்புத் தோழர் சிலரும் வாரத்தில் இரண்டு மாலை அக்குறுந்தெருக்களில் ஒன்றிற்குச் சென்று, தொடக்கப்பள்ளிச் சிறார்க்குப் படிப்பில் துணை செய்து வந்தோம். ஆங்கு ஓர் அன்னையாரைக் கண்டோம். அவர் பிறர் இல்லங்களில் வேலை செய்து பிழைப்பவர். ஐந்தாம் வகுப்பிற் பயிலும் மகனும், இரண்டாம் வகுப்பிற் பயிலும் மகளும் உடையவர். தாம் ஈட்டுவதில் ஒரு பகுதியை டியூஷனுக்கே கொடுத்தும், சிறுமி எழுத்துக்கூட்டிப் படிக்கவும் இடர்ப்படுகின்றாள் என்று சொல்லி வருந்தினார்.

"வீட்டில் நீங்களும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டால் நன்றாயிருக்கும், அம்மா" என்றோம்.

அவர் எம்மை ஏற இறங்க நோக்கி, "எனக்கு எழுத்தே தெரியாது, தம்பி, நான் எதைப் பார்க்கிறது?" என்றார்.

இலக்கணமும் இலக்கியமும் பயில்கின்றோம் என்னும் செருக்குச் சிறிது உடைய யாம், அவ்வெளிய வினாவிற்கு விடை கூற இயலாது திரும்பினோம். கற்ற பெற்றோரே கற்கும் பிள்ளைக்குத் துணையாவர் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் மட்டுமன்றி எம் உள்ளத்திலும் வேரூன்றியிருந்தது. அது மெய்யாயின், எழுத்தறியா இல்லங்களிற் பிறந்த சிறார்க்கு உய்தி இல்லை. அது மெய்யா என்று ஆராயப் புகுந்தபோதுதான் எம் எண்ணம் பிழைபட்டதெனத் தெளிந்தோம்.

அன்னை கற்பித்த இலக்கணம்

நான்கு வயது நிரம்பிய ஒரு குழந்தையின் பேச்சைச் செவி சாய்த்துக் கேட்பீராக. அண்ணன் வந்தான் என்றும், அக்காள் வந்தாள் என்றும், பூனை வந்தது என்றும் அது வேறுபடுத்திச் சொல்லும். பேச்சு வழக்கிற் சொல் திரியினும் திணையும் பாலும் திரிவதில்லை. நேற்று என்று தொடங்கினால் இறந்தகால வினையாலும், நாளை என்று தொடங்கினால் எதிர்கால வினையாலும் அது முடிக்கும். அம்மாவைக் கூப்பிடும், அம்மாவுக்குக் கொடுக்கும், அம்மாவோடு போகும். யாம் நன்னூலை ஓதி வரிசைப்படுத்திக் கொண்ட வேற்றுமையுருபுகளை அக்குழந்தை ஒரு நூலும் ஓதாது ஆள்கின்றது.

இவ்விலக்கணத்தை அதற்குக் கற்பித்தவர் யார்? பள்ளியாசிரியர் அல்லர், அது பள்ளி சேருமுன்னரே கற்றுவிட்டது. கரும்பலகையும் புத்தகமும் இன்றி, அடுக்களையிலும் வாயிற்படியிலும், பேசியும் பேசக் கேட்டும், பிழைத்தபோது சிரித்துத் திருத்திச் சொல்லியும், ஓயாது கேட்ட வினாக்களுக்கு விடை கூறியும் கற்பித்தவர் அன்னையும் தந்தையும் பாட்டியுமேயாவர். ஒரு மனிதன் வாழ்நாளிற் கற்கும் கல்விகளுள் மிக அரியது தாய்மொழிக் கல்வி. அதனைக் கற்பித்து முடித்த ஒருவர், தம்மால் எதுவும் கற்பிக்க இயலாது என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? ஆகவே, இல்லம் புதிதாய் ஒன்று செய்ய வேண்டுவதில்லை. ஐந்து வயது வரை செய்ததையே பள்ளி சேர்ந்த பின்னரும் விடாது செய்தல் வேண்டும். பள்ளிச்சேர்க்கை முடிந்தவுடன், இனி எல்லாம் ஆசிரியர் பொறுப்பென்று பேச்சைக் குறைத்து, "படி, படி" என்னும் ஏவலை மிகுத்தலே பல இல்லங்களில் நிகழும் தவறு.

எழுத்துச்சுமை வேறு, இல்லத்துணை வேறு

இல்லத்திற் படிப்பதென்றால் வீட்டுப்பாடம் எழுதுவதே என்று பலர் கருதுகின்றனர். இது குறித்து இந்நகரிலேயே ஒரு தீர்ப்பு எழுந்தது. 2018-ஆம் ஆண்டு மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், முதல் இரண்டு வகுப்புக்களிற் பயிலும் சிறார்க்கு வீட்டுப்பாடம் கொடுத்தலாகாது என்று ஆணையிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் மாநிலங்களுக்கு அறிவிப்பு விடுத்து, அவ்விரு வகுப்பினரின் புத்தகப்பை ஒன்றரைக் கிலோ எடைக்கு மேற்படலாகாது என வரையறுத்தது. பிஞ்சுத் தோள்களின் சுமையைக் குறைத்த இவ்வாணைகள் போற்றத்தக்கன.

ஆயினும் அச்சுமை நீங்கிய இடத்தை எதனால் நிரப்புவது என்று சட்டம் கூறாது. அதனைக் கூறவேண்டியது இல்லமே. வீட்டுப்பாடம் இல்லையென்றவுடன் டியூஷனில் அதே எழுத்தை எழுதச் செய்தல் ஒரு சாரார் வழக்கம். கைப்பேசியைக் கொடுத்துக் குழந்தையை அமைதிப்படுத்துதல் மற்றொரு சாரார் வழக்கம். இவ்விரண்டிலும் குழந்தை வாய் திறந்து பேசுவதற்கு இடமில்லை.

கேட்டலே முதற்றுணை

எழுத்தறியா அன்னை செய்யக்கூடிய முதற்றுணை, குழந்தை படிப்பதையும் சொல்வதையும் கேட்டல். இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், தமிழ் கற்க விரும்பி, ஒரு திண்ணைப்பள்ளி ஆசிரியரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுபிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து மணலில் எழுத்தெழுதிப் பழகினார். அறிவாற் பெரியவரொருவர் சிறாரைத் தமக்கு முந்தியோராகக் கொண்டு உடன் அமர்ந்தார். 1715-ல் தமிழிற் புதிய ஏற்பாடு அச்சேறி வெளிவந்ததற்கு அம்மணலெழுத்தே தொடக்கம். எழுத்தறியாப் பெற்றோர் தம் பிள்ளையருகே அமர்ந்து, "இன்று என்ன எழுத்து? எனக்கும் காட்டு" என்று கேட்பது இழிவன்று. பிள்ளைக்கு அதனினும் பெரிய ஊக்கம் வேறில்லை; ஒன்றைப் பிறர்க்குச் சொல்லிக் காட்டும்போதே அது தனக்கும் தெளிவாகின்றது.

இக்காலத்து ஆராய்ச்சியும் இதற்கு அரண் செய்கின்றது. 1988-ல் அமெரிக்க உளநூலறிஞர் வைட்ஹர்ஸ்ட் என்பாரும் அவர் துணைவரும் இளங்குழந்தைகளின் பெற்றோரை இரு கூறாக்கி ஒரு மாத காலம் ஆராய்ந்தனர். இரு கூற்றாரும் குழந்தைகளுக்குப் படக்கதைகள் படித்துக் காட்டினர். ஒரு கூற்றார் மட்டும் இடையிடையே நிறுத்தி, "இது என்ன செய்கிறது? பிறகு என்ன ஆகும்?" என வினவி, குழந்தையின் விடையை மேலும் விரித்துக் கூறினர். மாத இறுதியில் அவர்தம் குழந்தைகளே பேச்சுத்திறத்தில் முந்தி நின்றனர். ஆகவே, படித்துக் காட்டுதலினும் குழந்தையைப் பேசவைத்தல் பயன் மிகுதியுடையது. படத்தைக் காட்டி வினவுதற்கு எழுத்தறிவும் வேண்டுவதில்லை.

எழுத்தறியாதவர் கேட்கும் முறையைச் சிறிது விளக்குவாம். குழந்தை ஒவ்வோரெழுத்தின் கீழும் விரல் வைத்துப் படிக்கட்டும். எங்கே விரல் தயங்குகின்றது, எங்கே குரல் தாழ்கின்றது என்று கண்டு, அவ்விடத்திற் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தல் போதும். படித்து முடித்தபின், ஏட்டை மூடிவைத்து, அதைத் தன் சொல்லாற் கூறச் செய்க. மறுநாளும் அப்பக்கத்தையே படிக்கச் செய்து, புள்ளிகள் குறைந்தனவா என நோக்குக. குறையாத புள்ளிகளை ஆசிரியர்க்குக் காட்டுக.

பேச்சும் ஏடும்

தமிழ்ச்சிறார்க்கு ஓர் இடர் உண்டு. இல்லத்திற் பேசும் தமிழும் ஏட்டில் எழுதும் தமிழும் வேறு வேறு. இல்லத்தில் "அவங்க வராங்க" என்று கேட்டுப் பழகிய செவிக்கு, ஏட்டில் உள்ள "அவர்கள் வருகிறார்கள்" என்பது ஏறக்குறையப் புதுமொழியே. குழந்தை அதனைப் பேச்சுமொழியிற் படித்துவிட்டால், பெற்றோர் சினங்கொள்ளலாகாது. அது பொருளறிந்து படித்தமைக்கு அதுவே அடையாளம். பின்னர் ஏட்டுச்சொல்லை ஒருமுறை சொல்லச் செய்தல் அமையும்.

இவ்விரு தமிழுக்கும் பாலமாய் அமைவன பாட்டி கதைகளும் விடுகதைகளும் தாலாட்டும் ஆம். ஆங்கிலவழிப் பள்ளியிற் பயிலும் குழந்தையாயினும் இதுவே நெறி. சில இல்லங்களில், பள்ளிமொழி வளரும் பொருட்டுத் தாம் செவ்வனே அறியாத ஆங்கிலத்திற் குழந்தையோடு நான்கைந்து சொற்களே பேசுகின்றனர். அதனாற் குழந்தை இழப்பது ஆயிரஞ் சொற்கள். கருத்து வளர்வது நிறைந்த பேச்சினால். அந்நிறைவு இல்லமொழியிலேயே உண்டு.

மூத்தோன் இளையாளுக்கு ஆசிரியன்

பெற்றோர்க்கு ஓய்வில்லாதவிடத்து உடன்பிறந்தாரே துணையாவர். 1789-ல் எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகளின் அனாதைச் சாலைக்குத் தலைவராய் அமர்ந்த ஆண்டுரு பெல் என்பார், நம் நாட்டுத் திண்ணைப்பள்ளிச் சிறார் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு வியந்தார். அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்த முயன்றபோது அங்கிருந்த உபாத்தியாயர்கள் இசைந்திலர். அவரோ எட்டு வயதளவினனாகிய ஒரு மாணவனையே தொடக்க வகுப்பிற்கு ஆசிரியனாக்கினார். அச்சிறுவன் அதனை இனிது நடத்தினான். பெல் 1797-ல் இலண்டனில் வெளியிட்ட நூலின் வாயிலாக இது சென்னை முறை என்னும் பெயரோடு பிறநாடுகளிலும் பரவியது. எழும்பூரிலே தோன்றிய அம்முறையை இராஜா அண்ணாமலைபுரத்து ஓரறை வீட்டிலே மீண்டும் நடத்துதற்குத் தடை யாது? மூத்தவன் இளையவளுக்குச் சொல்லிக் கொடுத்தால் இருவருமே கற்பர். பெற்றோர் செய்யவேண்டுவது, மூத்தவன் எள்ளி நகையாமற் காத்தல் ஒன்றே.

அடுக்களையே கணிதசாலை

எண்ணும் அங்ஙனமே. வாயிலிற் கோலமிடும் அன்னை, ஏழு புள்ளி ஏழு வரிசை என்று நேர்ப்புள்ளி வைத்தால் நாற்பத்தொன்பது புள்ளிகள். ஊடுபுள்ளியாய் நான்கிற் தொடங்கி ஏழு வரை ஏறி மீண்டும் நான்கிற்கு இறங்கினால் முப்பத்தேழு. இவற்றைக் குழந்தையை எண்ணச் செய்தால் பெருக்கலும் கூட்டலும் தாமே விளங்கும். பதினான்கு குழிகளில் ஐந்தைந்து சோழியிட்டு ஆடும் பல்லாங்குழியில் எழுபது சோழிகளும் பங்கிடப்பட்டு இடம் மாறுதலை நோக்கும் குழந்தை, வகுத்தலைக் கைவிரலால் அறியும். ஐம்பது ரூபாய்த்தாளோடு கடைக்குச் சென்று, முப்பத்திரண்டு ரூபாய்க்குப் பருப்பு வாங்கி, மீதிச் சில்லறை சரியா என்று பார்த்து வரும் குழந்தைக்குக் கழித்தல் வெறுங்கணக்கன்று. தவறினால் வீட்டிற்கே இழப்பன்றோ!

பிள்ளையின் வேலையைப் பிள்ளையே செய்க

துணை செய்தல் வேறு. பிள்ளைக்காகத் தாமே செய்தல் வேறு. இவ்வேறுபாட்டை வற்புறுத்திய மேரியா மாண்டிசோரி அம்மையார், இராஜா அண்ணாமலைபுரத்திற்கு நேர் எதிரே, அடையாற்றின் தென்கரையில் உள்ள பிரம்மஞான சங்கத்தாரின் அழைப்பிற்கிணங்கி 1939-ஆம் ஆண்டு நவம்பரில் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். சில திங்களே தங்க வந்தவர், உலகப்போர் காரணமாக 1946 வரை இந்நாட்டிலேயே தங்க நேர்ந்தது. குழந்தை தன் கையால் தொட்டு, தன் முயற்சியாற் பிழைத்துத் திருந்திக் கற்றல் வேண்டும். பெரியோர் அதற்கேற்ற சூழலை அமைத்துக் கொடுத்து அமைந்திருத்தல் வேண்டும் என்பது அவர் முறையின் உயிர். செய்முறைப் பயிற்சிக்குரிய படத்தைத் தாமே வரைந்து, மதிப்பெண் பெற்றுத் தரும் பெற்றோர் இதனைச் சிந்திப்பாராக. அம்மதிப்பெண் பெற்றோர்க்கு உரியதேயன்றிப் பிள்ளைக்கு உரியதன்று.

ஒழுங்கும் உறக்கமும் பள்ளித்தொடர்பும்

ஆறு முதற் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறார்க்கு நாளொன்றுக்கு ஒன்பது முதற் பன்னிரண்டு மணிநேர உறக்கம் வேண்டுமென மருத்துவர் கூறுகின்றனர். இரவு பதினொருமணி வரை தொலைக்காட்சி ஒலிக்கும் ஓரறை வீட்டில் இஃது இயலாது. குறித்த வேளையில் ஒலியை அடக்கி விளக்கணைத்தலும் ஒரு கல்வித்துணையே. கரும்பலகை தெளிவாய்த் தெரிகின்றதா, அழைத்தது கேட்கின்றதா என்று சோதித்தறிதலும் வேண்டும். கண்ணின் குறையை அறிவின் குறையாக எண்ணி அடிபட்ட சிறாரும் உளர்.

பள்ளியோடு தொடர்பு கொள்ளுதல் பெற்றோர்க்குச் சலுகையன்று, உரிமை. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம், அரசுப்பள்ளிகளிலும் அரசுதவி பெறும் பள்ளிகளிலும் அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராயிருத்தல் வேண்டுமென்றும், உறுப்பினரிற் பாதியளவினர் பெண்டிராயிருத்தல் வேண்டுமென்றும் விதித்துள்ளது. அவ்விருக்கைக்கு எழுத்தறிவு தகுதியாக வைக்கப்படவில்லை. பிள்ளையின் பெற்றோர் என்பதே தகுதி.

அண்டை வீட்டார் துணை

"வேலை முடித்து இரவில் வருவார்க்கு இவற்றிற்கெல்லாம் பொழுது ஏது?" என்று வினவுவாரும் உளர். அவர் வினா நேரியதே. வறுமையால் வந்த குறையைப் பெற்றோர் மேல் ஏற்றிக் குற்றஞ் சாட்டுதல் அறமன்று. கற்பித்தற்கடமை பள்ளியினுடையது; பள்ளியைக் காத்தற்கடமை அரசினுடையது. எனினும் தெருவார் ஒன்றுகூடின் பெருந்துணை விளையும் என்பதற்கு அண்மைச் சான்றொன்று உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் மூடப்பட்ட பள்ளிகள், தமிழ்நாட்டில் முதல் எட்டு வகுப்பினர்க்கு 2021 நவம்பர் முதல் நாளிலேயே திறக்கப்பட்டன. அதற்குச் சின்னாள் முன்னர் மரக்காணத்தை அடுத்து "இல்லம் தேடிக் கல்வி" என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன்படி, அவ்வத் தெருவிலே வாழும் தன்னார்வலர், பெரும்பாலும் பெண்டிர், மாலைதோறும் சிறாரைக் கூட்டிவைத்துக் கதையாலும் விளையாட்டாலும் கற்பித்தனர். கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியலறிஞர், தமிழ்நாட்டுச் சிற்றூர்ச் சிறார் ஏறத்தாழ 19,000 பேரை ஆராய்ந்து, இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு திங்களில் மீண்டதென்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் விளைந்ததென்றும் கண்டனர். பட்டம் பெற்ற ஆசிரியரல்லாத அண்டை வீட்டுப் பெண்டிரின் மாலைப்பொழுது அத்துணைப் பயன் தந்தது.

முடிவுரை

பின்னர் யாம் அவ்வன்னையாரிடம் சென்று, கேட்கும் முறையையும் பென்சிற் புள்ளியையும் பற்றிச் சொன்னோம். அவர் நம்பாமலே இசைந்தார். இரவு காய் நறுக்கும் கால்மணி நேரம் அதற்கென ஒதுக்கப்பட்டது. மூத்த மகன் முதலில் தங்கையைக் கேலி செய்தான். பின்னர் அவனே ஆசிரியனானான். ஆறு வாரங் கழிந்து அவர் ஏட்டை எம்மிடம் விரித்துக் காட்டி, "இந்த மாதிரி வளைவு வருகிற இடத்திலெல்லாம் நிற்கிறாள், தம்பி" என்றார். நோக்கினோம். புள்ளிகள் யாவும் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வரும் எழுத்துக்களின் கீழேயே இருந்தன. கெகரத்தையும் கேகாரத்தையும், கொகரத்தையும் கோகாரத்தையும் சிறுமி வேறுபடுத்தி அறிந்திலள். வாரம் இருமுறை சென்ற யாமும், கூலி பெற்ற டியூஷன் ஆசிரியரும் காணாததை, எழுத்தறியாத அவ்வன்னையார் கண்டார். இரவுதோறும் அமர்ந்து கேட்டவர் அவரேயன்றோ! அவ்வேட்டை வகுப்பாசிரியர்க்குக் காட்டினார். அவரும் அவ்வெழுத்துக்களைத் தனியே பயிற்றினார். சிறுமி இன்னும் விரைந்து படிப்பவளல்லள். ஆயினும் நில்லாது படிக்கின்றாள்.

"நான் எதைப் பார்க்கிறது?" என்ற வினாவிற்கு விடையை அவரே எமக்குக் கற்பித்தார். கற்பித்தல் கற்றவர்க்கே இயலும். கேட்டல் அன்புடைய யாவர்க்கும் இயலும். இளஞ்சிறாரின் கல்விக்கு இல்லம் அளிக்கத்தக்க துணைகளுள் தலையாயது அக்கேட்டலே. மாளிகைவாழ் பெற்றோரும் ஓரறைவாழ் பெற்றோரும் இத்துணையை அளிப்பதற்கு ஒப்பத் தகுதியுடையர். இதனைப் படிக்கும் மாணவ நண்பர்களே! உங்கள் இல்லத்திலோ அண்டையிலோ ஒரு சிறுபிள்ளை இன்று மாலை ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும். அதனருகே கால்மணி நேரம் அமர்ந்து, "எனக்குப் படித்துக் காட்டு" என்று கேளுங்கள்.